முதுகில் எழுதும் பெயர்

வேலாயுதத்துக்குச் சைக்கிள்காரர்களைக் கண்டால் ஆகாது. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். பஸ் லேனில் ஒரு சைக்கிள் ஆடி ஆடிப் போனால் பின்னாலேயே நத்தையாக ஊர்ந்து, வாய்க்குள் திட்டிக்கொண்டே போவார். மிச்சம் இருப்பதை வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து திட்டுவார். அவர் வீட்டு வாசலிலேயே ஒரு சைக்கிள் வந்து நிற்கும் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சொன்னவருக்கும் இரண்டு திட்டு கிடைத்திருக்கும்.

சைக்கிள் வந்தது அவர் மனைவி லீலாவால். லீலாவுக்கு கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வேலை. புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து அங்கே போவது பெரிய பாடு. மெயின் ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டும். உள்ளே போகிற பஸ் எப்போது வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியுமோ தெரியாதோ. பக்கத்துப் பண்ணை ஆட்கள் லாரியில் போய்விடுவார்கள். லீலா ஆறு வருஷம் நடந்தாள். ஏழாம் வருஷம் முதலாளி ஒரு பழைய சைக்கிளைக் காட்டி, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். நாற்பத்தெட்டு வயதில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், காகிதப்பூத் தொட்டிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகினாள். மூன்று வாரத்தில் பதினொரு தொட்டி உடைந்தது. முழங்கையில் முள் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக் கேட்டால் காட்டுவாள், கேட்காவிட்டாலும் காட்டுவாள்.

இப்போது அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நூற்றுக்கணக்கான பேரோடு சேர்ந்து ஓட்டப் போகிறாள். டயாலிசிஸ் நிலையங்களுக்கு நிதி சேர்க்கிற சைக்கிள் ஓட்டம். பத்துப் பத்துப் பேராகக் குழு பிரித்திருந்தார்கள். மூன்று மாதமாக வேலை முடிந்து ஒரு மணி நேரம் கிராஞ்சி ரோட்டில் மிதித்துப் பழகினாள். மழை பிடித்தால் பஸ் நிழற்குடையில் நின்றுவிட்டு மறுபடியும் மிதித்தாள். வீட்டுக்கு வரும்போது உடம்பெல்லாம் உர வாடையும் வேர்வையுமாக இருக்கும். முகத்தில் மட்டும் சின்னப் பிள்ளைக்கு இருக்கிற குஷி. கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக இப்படி நாள் எண்ணிப் பார்த்ததில்லை.

டயாலிசிஸ் அந்த வீட்டுக்குப் புது வார்த்தை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு வேலாயுதத்தின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இடது கையில் இரண்டு ஊசியைக் குத்திக்கொண்டு மெஷினோடு படுத்திருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு, உப்புக்கும் அளவு. கீரை, தக்காளியில் இருக்கிற பொட்டாசியமும் ஆகாது. பஸ்ஸை விட்டாயிற்று. வீட்டுக்கு நாலு அடுக்குமாடி புளோக் தள்ளியே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே போனால் தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவான் என்று, கேட்டு வாங்கி, அடுத்த வட்டாரமான சுவா சூ காங்கில் இடம் பிடித்தார்.

விஷயம் மனைவிக்கும் மகள் ரோஷினிக்கும் மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தேக்கா கடைத்தெருக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேசுகிற கூட்டாளிகளுக்குத் தெரியாது. முப்பது வருஷக் கூட்டாளியான மளிகைக்கடை காதர் மைதீனுக்குக்கூடச் சொல்லவில்லை. பஸ் டெப்போவில் ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தார். கையில் ஊசி குத்துகிற இடம் கயிறு திரித்த மாதிரி புடைத்திருக்கும். அதை மறைக்க முழுக்கைச் சட்டை. மத்தியான வெயிலிலும் முழுக்கை. "என்னய்யா, பொண்ணு பார்க்கப் போறியா?" என்று கிண்டல் செய்வார்கள். "ஆபீஸ் வேலைன்னா அப்படித்தான்" என்பார்.

அவர் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு அந்த மேசையில் இன்னொரு டிரைவர் இருந்தார். அவருக்கு இதே நோய் வந்தபோது எல்லாரும் அவரிடம் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். யாரும் அவரைக் கிண்டல் செய்வதில்லை, சீட்டு விளையாடக் கூப்பிடுவதில்லை. அவர் எழுந்து போனதும் "ஆளு முடிஞ்சான்" என்று சொன்னது வேறு யாருமல்ல, வேலாயுதம்தான்.

அதனால் லீலா சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றபோது ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். ஓட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் சட்டையின் முதுகில், யாருக்காக ஓட்டுகிறார்களோ அவர் பெயரை அச்சடிப்பது அங்கே வழக்கம். "ஓட்டு. ஆனா என் பேரு அதுல வரக்கூடாது." லீலா சரி என்றாள். இணையத்தில் பதிந்த ரோஷினி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. ரோஷினி ஆபீஸ் முடிந்து சட்டையை வாங்கிக்கொண்டு நனைந்து வந்தாள். வேலாயுதம் நாற்காலியில் சாய்ந்து, தாகத்துக்கு ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். லீலா சட்டையைப் பிரித்தாள். ஆரஞ்சு நிறம். முன்பக்கம் எண். முதுகைத் திருப்பினாள், அப்படியே நின்றாள்.

"ரோஷினி, என்னடி இது?"

முதுகில் பெரிதாக ஆங்கிலத்தில் 'பெருமாளுக்காக ஓட்டுகிறேன்' என்று இருந்தது.

"பெருமாள் யாரு?" என்றாள் ரோஷினி.

"உன் தாத்தாடி! எங்கப்பா!"

ரோஷினி போனை எடுத்து ஏற்பாட்டாளர்களைக் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்தாள். "அது ஆட்டோமேட்டிக் லா அம்மா. அந்தப் பாக்ஸைக் காலியா விட்டா சிஸ்டம் ஃபேமிலி நேம் எடுத்துப் போட்டுடுமாம். சைனீஸ்க்கு ஓகே, டான், லிம்னு குடும்பப் பேரு வந்துடும். உங்க ஐசி கார்டுல லீலா டாட்டர் ஆஃப் பெருமாள்னு இருக்குல்ல, கடைசி பேரை எடுத்துக்கிச்சு."

"மாத்த முடியாதா?"

"நாளான்னிக்கு ஓட்டம். இப்ப எப்படி மாத்துவாங்க?"

வேலாயுதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஐஸ் கட்டி தொண்டைக்குள் போய் இருமினார். "எங்க மாமனாருக்கா கிட்னி போச்சு? எண்பத்தொரு வயசு வரைக்கும் ஒரு மாத்திரை போடாத மனுஷன்!"

லீலாவுக்கும் சிரிப்பு வந்தது. "நான் சைக்கிளைத் தொட்டா காலை ஒடிப்பேன்னு சொன்னவருங்க அவரு. அவரையே முதுகுல தூக்கிட்டு முப்பது கிலோமீட்டர் மிதிக்கணுமா?"

"மிதி, மிதி. நல்லா பார்க்கட்டும்."

நெடுநாள் கழித்து அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அதோடு நின்றிருந்தால் நல்லது. சட்டையோடு வந்த பையில் ஒரு வரைபடமும் இருந்தது. பஸ் ஓட்டியவருக்கு வரைபடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது, எடுத்துப் பிரித்தார். அதுவரை இந்த ஓட்டம் கிராஞ்சியைச் சுற்றி வந்து முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார். வரைபடத்தில் கோடு சுவா சூ காங் வழியாக இறங்கி, புக்கிட் தீமா ரோட்டைப் பிடித்து, நேராக சிராங்கூன் ரோட்டுக்குள் நுழைந்தது. முடிகிற இடம் ஃபேரர் பார்க் திடல். பக்கத்தில் நேரம் வேறு போட்டிருந்தது: தேக்கா, காலை எட்டரை.

அவர் முகம் மாறிவிட்டது. "இது தேக்கா வழியா போகுதா?"

லீலா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"உனக்குத் தெரியும்ல?"

"போன வாரம்தான் சொன்னாங்க."

"எட்டரைக்கு நாங்க எல்லாரும் கோப்பிக்கடை வாசல்லதான் உட்கார்ந்திருப்போம். நீ ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு கிட்னி கொடி பிடிச்சுக்கிட்டு முன்னால போவே. அவனுங்க சும்மா விடுவானுங்களா? உன் பொண்டாட்டி எதுக்கு கிட்னிக்கு ஓட்டுதுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? செத்துப்போன மாமனாருக்குன்னா?"

"தர்மத்துக்கு ஓட்டுதுன்னு சொல்லுங்க."

"மைதீன் நம்ப மாட்டான். அவன் கண்ணு எமன் கண்ணு." வரைபடத்தை மடித்து மேசைமேல் போட்டார். "நீ போக வேணாம் லீலா."

"மூணு மாசம் பழகியிருக்கேங்க."

"போக வேணாம்னா வேணாம்."

"அப்பா, திஸ் இஸ் நாட் ஃபேர் லா," என்று ஆரம்பித்தாள் ரோஷினி. லீலா அவளைக் கண்ணால் அடக்கினாள். சட்டையை நாலாக மடித்து அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கீரையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். இரண்டு வருஷமாக அவருக்கு அப்படித்தான் சமைக்கிறாள். சண்டை போட்டாலும் அதை விட்டுவிட முடியாது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. இருநூறு காகிதப்பூச் செடியைச் சின்னப் பையிலிருந்து தொட்டிக்கு மாற்றி, ஒவ்வொன்றிலும் ரகத்தையும் தேதியையும் எழுதிய பட்டையைக் குத்த வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் அழியாத கறுப்பு மார்க்கர் ஒன்று எப்போதும் அவள் சட்டைப்பையில் இருக்கும். அன்றைக்கு அவள் கை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. மூன்று பட்டையில் தேதியைத் தப்பாக எழுதினாள்; மூன்றிலும் அவள் எழுதியது ஞாயிற்றுக்கிழமைத் தேதி. முதலாளி வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவளுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் வழக்கம்போல தேக்காவுக்குப் போனாள். சனிக்கிழமை அவர் மெஷினில் இருக்கிற நேரத்தில்தான் வாரத்துக்கான சாமான் வாங்குவது. காதர் மைதீன் கடையில் கூட்டம் நெரிந்தது. அவர் ஒரு கையால் வெந்தயம் அளந்துகொண்டே இன்னொரு கையால் லீலாவை உள்ளே வரச் சொன்னார்.

"வா தங்கச்சி. நாளைக்கு எட்டரைக்குத்தானே இந்தப் பக்கம் வர்றீங்க?"

லீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?"

"உன் குழுவுக்கு லீடர் யாரு?"

"நஸீஹான்னு ஒரு பொண்ணு. நான் இன்னும் நேர்ல பார்த்ததில்லை. மெசேஜ்லதான் பேசிக்கிறோம்."

"நம்ம மூத்தவ பொண்ணுதான். பேத்தி. லிஸ்ட்டைக் காட்டுச்சு, உன் பேரைப் பார்த்தேன்."

லீலா பையைக் கீழே வைத்தாள். "நான் நாளைக்கு வரலை பாய். உடம்புக்குச் சரியில்லை."

காதர் மைதீன் வெந்தயப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கல்லாவில் கடைப்பையனை உட்கார வைத்தார். அவளை மூட்டைகளுக்கு நடுவே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "வேலு வேணாம்னானா?"

அவள் பக்கத்து மூட்டையின் வாயைச் சுருட்டி மூடினாள்.

"இங்க பாரு தங்கச்சி. எங்க வாப்பா மூணு வருஷம் அந்த மெஷின்ல கிடந்தாங்க. செவ்வாய், வியாழன், சனி. அந்தக் கிழமையெல்லாம் வேலு போன் எடுக்க மாட்டான். டீயை அரை கிளாஸோட வச்சிடுவான். ஒரு நாள் மேசைக்கு அடியில விழுந்த சீட்டை எடுக்கக் குனிஞ்சான், சட்டைக்கை மேல ஏறிடுச்சு. நான் பார்த்துட்டேன். பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

"எப்ப பாய்?"

"ஒன்றரை வருஷம் ஆச்சு."

"அப்ப ஏன் அவர்கிட்ட கேட்கலை?"

"அவன் சொல்லாதப்ப நான் எப்படிக் கேட்பேன்? அவனுக்கு அவன் ரோஷம் முக்கியம். அவனாச் சொல்லட்டும்னு இருக்கேன். கிண்டலை மட்டும் விடலை. விட்டா கண்டுபிடிச்சிடுவான்." கடைக்குப் பின்பக்கம் போய் இரண்டு டப்பாவைக் கொண்டுவந்தார். "சம்சு குடுத்து விட்டுச்சு. நாளைக்கு மிதிக்கணும்ல, தெம்பு வேணும்னு. பெரிசு உனக்கும் பிள்ளைக்கும். சிவப்பு மூடி வேலுவுக்கு. மாத்திடாதே."

சம்சுன்னிசா அவர் மனைவி. அவள் கை பிரியாணிக்கு அந்த வட்டாரமே அடிமை. போன பெருநாளைக்கும் அதற்கு முந்தின பெருநாளைக்கும் வேலாயுதத்துக்கு இதே சிவப்பு மூடி டப்பாவில்தான் வந்தது. இரண்டு முறையும் அவர் வீட்டில் உட்கார்ந்து, "சம்சுவுக்குக் கைமணம் போச்சுடி. உப்பே இல்லை, வயசாயிடுச்சு பாவம்" என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

லீலா சிவப்பு மூடியைப் பார்த்தாள். "தனியா ஆக்குறாங்களா அக்கா?"

"தனிச் சட்டி. உப்பு தொடாம, தக்காளி போடாம. வாப்பாவுக்கு ஆக்கின கணக்கு அதுக்கு அத்துப்படி. அவன்கிட்ட சொல்லிடாதே."

ரயிலில் வரும்போது டப்பா இரண்டும் மடியில் சூடாக இருந்தன. லீலாவுக்குக் காதர் மைதீன் மேல் இருந்த நன்றியைவிடத் தன் புருஷன் மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. இரண்டு வருஷமாக எத்தனை பொய். எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை வீட்டுக்கு, என்னென்ன சாக்கு. அத்தனையையும் அவள் வாயால்தான் சொல்லியிருக்கிறாள்.

வேலாயுதம் ஆறு மணிக்கு வந்தார். மெஷினிலிருந்து வருகிற நாளில் பிழிந்த துணி மாதிரி இருப்பார். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்து வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. குளித்துவிட்டு மேசைக்கு வந்தார். லீலா சிவப்பு மூடி டப்பாவை அவர் முன்னால் வைத்தாள். தனக்கும் ரோஷினிக்கும் பெரிய டப்பாவிலிருந்து போட்டாள்.

"யாரு, சம்சுவா?" ஒரு வாய் எடுத்து வைத்தார். "இன்னிக்கும் உப்பில்லை. மைதீன் எப்படித்தான் தினம் சாப்பிடுறானோ."

"என்னப்பா?" என்றாள் ரோஷினி, வாய் நிறையச் சோற்றோடு. "சூப்பரா இருக்கு. உப்பெல்லாம் கரெக்டா இருக்கு லா."

"உனக்கு நாக்குச் செத்துப்போச்சு."

"நீங்க வேணா பாருங்க."

அவர் கையை நீட்டி மகள் தட்டிலிருந்து நாலு பருக்கையை எடுத்து வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே தன் டப்பாவைப் பார்த்தார், பெரிய டப்பாவைப் பார்த்தார். பிறகு சிவப்பு மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லீலா."

"ம்."

"இது வேற சட்டியா?"

சொல்லாதே என்றுதான் காதர் மைதீன் சொல்லியிருந்தார். லீலா தண்ணீர் குடித்தாள். அவளுக்குப் பொய் சொல்லி அலுத்துப் போயிருந்தது. "ஆமா."

"போன பெருநாளைக்கும்?"

"அதுக்கு முந்தின பெருநாளைக்கும். உப்பில்லாம, தக்காளி இல்லாம. அக்காவோட மாமனாருக்கு ஆக்கின மாதிரி."

ரோஷினி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேலாயுதம் சிவப்பு மூடியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"மைதீன் போன ஞாயித்துக்கிழமைகூட என்னை மாப்பிள்ளைன்னு கிண்டல் பண்ணானே," என்றார் கடைசியில்.

"விட்டா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்களாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவில் இருந்ததைச் சாப்பிட்டார். குறை எதுவும் சொல்லவில்லை. ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்ததை லீலா பார்த்தாள். பார்க்காத மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த வித்தையை அன்றைக்கு மத்தியானம்தான் கற்றிருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்தவர் அலமாரியைத் திறந்து போர்வைகளுக்கு அடியில் கையை விட்டார். ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மேசைமேல் முதுகுப்பக்கம் தெரிய விரித்தார். மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்தார். இடது கையை அதிகம் அசைக்கக் கூடாது என்பதால் வலது கையாலும் பல்லாலும் கிழித்தார்.

"நான் ஒட்டவாப்பா?" என்றாள் ரோஷினி.

"சும்மா இரு."

பெருமாள் என்ற பெயர்மேல் நீளமாக மூன்று துண்டு, ஒன்றின்மேல் ஒன்று படும்படி ஒட்டினார். விரலால் அழுத்தித் தேய்த்தார். "மாமா கோவிச்சுக்க மாட்டாரு," என்றார். "லீலா, உன் மார்க்கரைக் குடு."

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தமிழில் எழுதினார். முதல் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டதால் போகப் போக இடம் போதவில்லை. 'வேலாயு' வரை தாராளமாக இருந்தது, மிச்சம் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது. பஸ்ஸை அத்தனை லாகவமாக ஓரம் கட்டியவருக்கு எழுத்தை ஓரம் கட்டத் தெரியவில்லை.

"மழை வந்தா அழிஞ்சிடுமா?"

"செடியில ரெண்டு வருஷம் நிக்குது. அழியாது."

"பிளாஸ்டர் பிச்சுக்கும்டி."

"சுத்தி நாலு தையல் போட்டுக்கிறேன்." லீலா ஊசிப் பெட்டியைத் தேடி எடுத்து அங்கேயே உட்கார்ந்தாள். நூலைக் கோக்கப் பார்த்தாள். இரண்டு முறை நூல் தவறியது. ரோஷினி வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

வேலாயுதம் வரைபடத்தை மறுபடியும் விரித்து வைத்துக்கொண்டார். "புக்கிட் தீமா ரோட்ல இடது ஓரமாப் போ. பஸ்காரன் ஹாரன் அடிச்சா பயப்படாதே, அவன் அப்படித்தான் அடிப்பான்."

"சரிங்க."

"சிராங்கூன் ரோட்டுக்குள்ள வந்ததும் வேகத்தைக் குறைச்சுடு. கோப்பிக்கடைக்கிட்ட ரொம்ப மெதுவாப் போ. மைதீன் கண்ணாடியை எடுத்து மாட்டணும். அவன் படிக்கிற வரைக்கும் தாண்டிடாதே."

லீலா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை உதறி நாற்காலியில் போட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் சட்டையைத் தேய்த்து வைப்பது சனிக்கிழமை சாயங்கால வேலை. வழக்கம்போல வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள்.

"அதை வை," என்றார் வேலாயுதம். "அந்த நீலம் இருக்குல்ல, அரைக்கை. அதைத் தேய்."